நாமினி என்றால் யார்? ஆங்கில விகுதிகளும் சுருக்கங்களும் பற்றி ஒரு குறிப்பு

பேங்க் படிவம், எல்.ஐ.சி. பாலிசி, பி.எஃப். கணக்கு, கூட்டுறவு சொசைட்டி விண்ணப்பம் என்று எதை எடுத்தாலும் 'நாமினி' என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மூரில் அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. "நாமினியா யாரைப் போட்டிருக்கீங்க?" என்ற கேள்வி விழாத வீடு இருக்காது. ஆனால் நாமினி என்றால் என்ன பொருள் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் "நமக்கப்புறம் அந்தப் பணம் யாருக்குச் சொந்தமோ அவங்க" என்றுதான் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சொல்லே அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியமான விஷயம்.

நாமினி என்பதன் கடைசியில் நிற்கும் 'ஈ' ஓசை ஒரு விகுதி. 'இவர்மீது ஒரு செயல் செய்யப்பட்டது' என்று மட்டும் அது சொல்கிறது. நாமினேட் செய்தவர் ஒருவர், நாமினேட் செய்யப்பட்டவர் இன்னொருவர். பெயர் குறிக்கப்பட்டவர், அவ்வளவுதான். பெயர் குறிக்கப்பட்டதால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பது தனிக் கதை. ஆயுள் காப்பீட்டுப் பணம் பற்றி 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: நாமினிக்குப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரம் உண்டு, ஆனால் அந்தப் பணம் இறந்தவரின் வாரிசுகளுக்கு, வாரிசுரிமைச் சட்டப்படி சேர வேண்டியது. பேங்க் டெபாசிட் விஷயத்தில் 2010இலும், கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரிலும் அதே கருத்துதான் வந்தது. காப்பீட்டில் மட்டும் 2015இல் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டிருந்தால் பணத்தின் பலனும் அவர்களுக்கே என்று மாற்றினார்கள். இதற்குள் எத்தனை குடும்பங்களில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு விகுதியை என்னவென்று புரிந்துகொள்கிறோம் என்பதற்குள் இவ்வளவு இருக்கிறது.

சரி, இந்த 'ஈ' ஆங்கிலத்துக்குள் எப்படி வந்தது?

1066 அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் சண்டையில் நார்மண்டியின் வில்லியம் ஜெயித்து இங்கிலாந்தின் அரசன் ஆனான். அவனோடு வந்த பிரபுக்கள் பேசியது பிரெஞ்சின் ஒரு வகை. ஊர் ஜனங்கள் ஆங்கிலமே பேசினார்கள், தேவாலயம் லத்தீனில் எழுதியது, நீதிமன்றத்தில் மெள்ள மெள்ள பிரெஞ்சு உட்கார்ந்துகொண்டது. நிலத்தை யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், யார் யாரிடம் குத்தகைக்கு எடுத்தார் என்பதையெல்லாம் வக்கீல்கள் பிரெஞ்சில் எழுதினார்கள். பிரெஞ்சில் 'செய்யப்பட்ட' என்ற பொருள் தரும் எச்ச வடிவம் 'ஏ' என்ற ஓசையில் முடியும். கொடுக்கப்பட்டவர், விற்கப்பட்டவர், குத்தகை விடப்பட்டவர் எல்லோருக்கும் அந்த வால்தான். செய்பவரைக் குறிக்க லத்தீன் வழி வந்த 'ஓர்' வால். இப்படியாக ஜோடி ஜோடியாகச் சொற்கள் பிறந்தன: டோனர் - டோனி, லெஸ்ஸர் - லெஸ்ஸி, வென்டர் - வென்டீ, கிராண்டர் - கிராண்டி.

இந்த ஜோடிகளில் ரொம்பப் பேரைக் குழப்புவது மார்ட்கேஜர் - மார்ட்கேஜி. வீட்டை அடமானம் வைத்து நீங்கள் கடன் வாங்குகிறீர்கள். வாங்குபவர் நீங்கள், அதனால் 'ஈ' உங்களுக்குத்தான் வரவேண்டும் என்று தோன்றும். இல்லை. நீங்கள்தான் 'ஓர்', பேங்க்தான் 'ஈ'. ஏனென்றால் அந்தப் பத்திரம் பேசுவது பணத்தைப் பற்றி அல்ல, அடமானத்தைப் பற்றி. அடமானத்தைக் கொடுப்பவர் நீங்கள், பெறுவது பேங்க். சொல்லின் முன்பகுதியும் சாதாரணமானதல்ல. 'மார்ட்' என்றால் செத்த, 'கேஜ்' என்றால் ஈடு. செத்த ஈடு! 15ஆம் நூற்றாண்டில் லிட்டில்டன் என்ற நீதிபதி இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். தவணைக்குள் கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன்பட்டவனுக்குச் செத்துப்போகிறது, கட்டிவிட்டால் கடன் கொடுத்தவனுக்குச் செத்துப்போகிறது. எப்படியும் ஒருவருக்குச் சாவு நிச்சயம்.

இந்த நீதிமன்றப் பிரெஞ்சு எவ்வளவு காலம் உயிரோடு இருந்தது என்பதுதான் ஆச்சரியம். 1362இலேயே, வழக்கு வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், ஜனங்களுக்குப் புரியவில்லை என்று காரணமும் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள். வாதம் ஆங்கிலத்துக்கு மாறினாலும் வக்கீல்களின் குறிப்புப் புத்தகம் மாறவில்லை. 1650இல், அரசனை வெட்டிக் குடியரசு நடத்திய காலத்தில், ஆங்கிலம் மட்டும் போதும் என்றார்கள். 1660இல் அரசன் திரும்பி வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆனது. கடைசியில் 1730இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1733 மார்ச் மாதத்திலிருந்து அமலுக்கு வந்தது. வீட்டில் யாருமே பிரெஞ்சு பேசாமல் போய் முந்நூறு வருடத்துக்கும் மேல் ஆகியும், கச்சேரியில் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கடைசிக் காலத்துப் பிரெஞ்சு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பிரசித்தமான சான்று உண்டு. 1631இல் சாலிஸ்பரியில் நடந்த விசாரணையில், தண்டனை விதிக்கப்பட்ட கைதி ஒருவன் தலைமை நீதிபதி மேல் செங்கல் துண்டை எறிந்தான். நூலிழையில் தப்பியது. உடனே குற்றப்பத்திரிகை எழுதி, அவன் வலது கையை வெட்டித் தூக்குமரத்தில் அடித்து, அவனையும் அங்கேயே நீதிமன்றத்தின் கண்ணெதிரே தூக்கில் போட்டார்கள். கொடூரமான சம்பவம். ஆனால் இதைப் பதிவு செய்த வக்கீலின் குறிப்பு மொழியாராய்ச்சிக்காரர்களுக்கு விருந்து. இணைப்புச் சொற்கள் பிரெஞ்சு, வினைகள் அரைகுறைப் பிரெஞ்சு, 'பிரிக்பேட்' என்ற ஆங்கிலச் சொல் அப்படியே, 'மயிரிழையில் தவறியது' என்பதும் ஆங்கிலம். மனதில் ஆங்கிலத்தில் யோசித்து, கையால் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார் மனிதர். "மேற்படி பார்ட்டி அட்வான்ஸ் அமௌண்டை ரிட்டர்ன் செய்யாத காரணத்தால்" என்று நம் ஆபீஸ்களில் எழுதுகிறோமே, அதன் தாத்தா.

ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொற்கள் சுலபமாகப் போகும். சந்தைக்குப் போகிறவன் கொண்டுவந்துவிடுவான், கப்பலில் வந்திறங்குகிறவன் போட்டுவிட்டுப் போவான். கட்டுமரமும் மிளகுதண்ணியும் ஆங்கிலத்துக்குள் போனது அப்படித்தான். ஆனால் கட்டுமரம் போன வழியில் தமிழ் விகுதி ஏதாவது ஆங்கிலத்துக்குப் போயிற்றா? போகவில்லை. விகுதி தனியாகப் பயணம் செய்யாது. ஒரே வாலோடு நூறு சொற்கள் வந்திறங்கி, உள்ளூர்க்காரன் அந்த வாலைத் தனியாகக் கழற்றித் தன் சொல்லில் மாட்டிப் பார்க்கும் அளவுக்குப் பழகவேண்டும். அதற்கு எழுதுகோல் பிடித்த ஆபீஸ் ஒன்று வேண்டும், பல தலைமுறையும் வேண்டும். நாமினியின் 'ஈ' அப்படி வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

கச்சேரியிலிருந்து வெளியே வந்த பிறகு அந்த வால் ஊர் சுற்ற ஆரம்பித்தது. 'கமிட்டி' என்பது முதலில் ஒரே ஓர் ஆள்; ஒரு பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவர். பிறகுதான் அது குழுவானது, உச்சரிப்பும் மாறியது. 'எம்பிளாயி' 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து மறுபடி வந்தது. எல்லாவற்றிலும் என்னை நிறுத்தியது 'ரெஃப்யூஜி'. 1685இல் பிரான்சின் 14ஆம் லூயி, புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த மதச் சுதந்திரத்தை ரத்து செய்தபோது, ஹ்யூகநாட்கள் என்ற அந்த மக்கள் பெரும் கூட்டமாக இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார்கள். அவர்களோடு வந்த பிரெஞ்சுச் சொல் அது. தஞ்சம் அடைந்தவர் என்று பொருள். சொல் பார்ப்பது அவர் எங்கே வந்து சேர்ந்தார் என்பதை. நம் 'அகதி'யோ கதியற்றவர் என்கிறது, அவர் எதை இழந்தார் என்பதை. இந்த இரண்டில் எந்தச் சொல்லால் ஒருவரை அழைக்கிறோம் என்பது அவருக்கு ஒன்றும் சின்ன விஷயமில்லை.

ஆங்கிலத்தின் சொந்த விகுதிகளிலும் இப்படி ஒன்று உண்டு. 'ஸ்டர்' என்பது பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. ரொட்டி சுடும் பெண், துணி நெய்யும் பெண் எல்லோருக்கும் அந்த வால் போட்டார்கள். பாக்ஸ்டர், வெப்ஸ்டர் என்று இன்றைக்குக் குடும்பப் பெயர்களாக நிற்பவை அவைதான். அகராதி எழுதிய நோவா வெப்ஸ்டரின் பெயர் நெசவு செய்த பெண்ணின் தொழில்பெயர். 'ஸ்பின்ஸ்டர்' என்றால் நூல் நூற்பவள். ஆவணங்களில் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் தொழிலை எழுதுவது வழக்கம். கல்யாணமாகாமல் நூல் நூற்றுப் பிழைத்த பெண்கள் நிறைய இருந்ததால், 17ஆம் நூற்றாண்டுக்குள் அது தொழில் என்பது போய், 'மணமாகாதவள்' என்ற சட்ட அடையாளமாக ஆனது. பிறகு கேலிச்சொல்லாகவும் ஆனது. இங்கிலாந்தின் திருமணப் பதிவில் இந்தச் சொல்லை எடுத்தது 2005இல்தான். ராட்டை போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஊர்ப் பெயர் விகுதிகளைத் தொட்டால் கட்டுரை நீண்டுவிடும், ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். மான்செஸ்டர், வின்செஸ்டர் என்பவற்றின் 'செஸ்டர்' ரோமானியப் பாசறையின் லத்தீன் பெயர். நாட்டிங்ஹாமின் 'ஹாம்' ஆங்கிலோ-சாக்ஸன் குடியிருப்பு. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி'யில் முடிபவை 9ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய டேனியர்கள் வைத்தவை. அவர்கள் மொழியில் 'பி' என்றால் ஊர். டெர்பிக்கு அதற்கு முன் ஆங்கிலப் பெயர் வேறு. இந்த 'பி'தான் 'பைலா' என்ற சொல்லிலும் இருப்பது. ஊர்ச் சட்டம், ஊர்க்கட்டுப்பாடு என்று பொருள். பின்னால் வந்த ஆங்கிலேயர்களே அதைப் 'பக்கத்தில்' என்ற அர்த்தமுள்ள தங்கள் சொல்லாக நினைத்து, துணைச் சட்டம் என்று புரிந்துகொண்டார்கள். நம் கூட்டுறவு சங்கங்களில் 'துணை விதிகள்' என்று மொழிபெயர்த்தோம். வைக்கிங்குகளின் ஊர் நம்மிடம் வந்து 'துணை' ஆகிவிட்டது.

இனி சுருக்கங்கள். இங்கே ஆபீஸ்காரனோடு இன்னொருவரும் சேர்கிறார்: பிரதி எடுப்பவர். இடைக்கால ஐரோப்பாவில் எழுதியது தோலில். ஒரு பெரிய புத்தகத்துக்கு ஒரு மந்தையே போய்விடும். இடத்தை மிச்சம் பிடிக்கவும் கைவலியைக் குறைக்கவும், அடிக்கடி வரும் சொற்களைச் சுருக்கினார்கள். எழுத்தின் மேல் கோடு, காலில் வெட்டு, கடைசியில் ஒரு சுழி என்று ஒவ்வொன்றுக்கும் முறை இருந்தது. சிசரோவின் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற டைரோ என்பவர் பெயரால் வழங்கிய சுருக்கக் குறிகள் ஆயிரம் வருடத்துக்கு மேல் புழக்கத்தில் இருந்தன. 'மற்றும்' என்பதற்கு அவர் பெயரில் உள்ள குறி, பார்க்க ஏழு என்ற எண் மாதிரியே இருக்கும். அயர்லாந்தின் தெருப் பலகைகளில் இன்றும் பார்க்கலாம். கம்பெனிப் பெயர்களில் 'அண்டு சன்ஸ்' என்று எழுதும்போது நடுவில் போடும் சுருள் குறி வேறு வழியில் வந்தது: 'மற்றும்' என்ற பொருள் தரும் லத்தீன் 'எட்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளையும் பின்னிப் போட்டது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'விஸ்.' என்ற சுருக்கம். 'அதாவது' என்ற பொருளில் பழைய ஆங்கில ஆவணங்களில் வரும். முழுச்சொல் 'விடெலிசெட்'. அந்தச் சொல்லில் இஸட் எழுத்தே கிடையாது! 'எட்' என்று முடிவதைக் காட்டப் பிரதியாளர்கள் போட்ட ஒரு சுழி, அச்சு வந்தபோது அச்சுக்கோர்ப்பவர் கண்ணுக்கு இஸட் மாதிரித் தெரிந்தது. அவரிடம் இருந்த எழுத்தைக் கோர்த்தார். அன்றிலிருந்து இஸட்தான்.

பவுண்டு என்ற எடைக்கு ஏன் எல்.பி. என்று எழுதுகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை. ரோமானியர்கள் 'லிப்ரா பாண்டோ' என்றார்கள், 'எடையால் ஒரு லிப்ரா'. பேச்சில் பின்பாதி தங்கிப் பவுண்டு ஆனது. எழுத்தில் முன்பாதி தங்கி எல்.பி. ஆனது. பவுண்டு நாணயத்தின் குறியும் குறுக்கே கோடு போட்ட அதே எல்தான். லிப்ரா என்றால் தராசு, ராசிகளில் துலாம். தமிழிலும் துலாம் என்பது தராசாகவும் ஓர் எடை அளவாகவும் இருந்தது. இன்னொரு ஒட்டுறவும் உண்டு. பவுண்டுக்கு நம் பழைய ஆட்கள் 'ராத்தல்' என்பார்கள், இலங்கையில் இன்றும் ஒரு றாத்தல் பாண் என்றுதான் வாங்குகிறார்கள். ராத்தல் அரபு 'ரத்ல்' என்பதிலிருந்து வந்தது, அதற்கு மூலம் கிரேக்க 'லித்ரா'. லித்ராவும் லிப்ராவும் உடன்பிறப்புகள். யாழ்ப்பாணத்துப் பாணும் லண்டன் எல்.பி.யும் ஒரே குடும்பம்.

ஷில்லிங், பென்ஸ் கதையும் இதேதான். பென்னிக்கு டி என்று எழுதினார்கள், ரோமானிய 'தெனாரியஸ்' நினைவாக. பவுண்டுக்கு 20 ஷில்லிங், 240 பென்னி என்ற கணக்கு 1971 பிப்ரவரி 15 வரை நீடித்தது. ரோமப் பேரரசு மேற்கில் விழுந்து ஆயிரத்தைந்நூறு வருடம் கழித்தும் லண்டன் மளிகைக் கடைச் சீட்டில் ரோம நாணயத்தின் முதல் எழுத்து இருந்தது.

'நம்பர்' என்பதன் சுருக்கத்தில் ஓ ஏன் வருகிறது? நம்பரில் ஓ இல்லை, லத்தீன் 'நூமெரோ'வில் இருக்கிறது. (நாம் அதைத் தமிழ்ப்படுத்திக் கதவு நெ. என்று எழுதியபோது 'நெம்பர்' என்ற நம் உச்சரிப்பைச் சுருக்கினோம். நேர்மையான காரியம்.) மிசஸ் என்று படிக்கும் சுருக்கத்தில் ஆர் எங்கிருந்து வந்தது? அது 'மிஸ்ட்ரஸ்', அதாவது வீட்டுக்காரி, எஜமானி. 18ஆம் நூற்றாண்டில்கூட, கல்யாணம் ஆகாத அந்தஸ்துள்ள பெண்களுக்கும் அதைப் போட்டார்கள். ஒரு பக்கம் நூல் நூற்றவள் 'ஸ்பின்ஸ்டர்', இன்னொரு பக்கம் வேலைக்காரர்கள் வைத்திருந்தவள் 'மிசஸ்'. இரண்டுமே முதலில் தொழிலையும் அந்தஸ்தையும் சொன்ன சொற்கள், பிறகு தாலியைச் சொல்லும் சொற்களாக ஆயின.

சுருக்கங்களில் உயிர் சம்பந்தப்பட்டவை டாக்டர் சீட்டில் இருக்கின்றன. சீட்டின் தலைப்பில் காலில் வெட்டுப் போட்ட ஆர் எழுத்து இருக்கும். அது 'ரெசிபே', அதாவது 'எடுத்துக்கொள்' என்ற லத்தீன் கட்டளை. மருந்து கலப்பவருக்குச் சொன்னது. கீழே பி.டி. என்றால் தினம் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் தூங்கும் நேரம். எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆபத்து என்று பதறிப்போகிறவர்கள் உண்டு. கப்பல்காரர்களின் ஆபத்துச் சமிக்ஞை வேறு, இது வேறு. இது 'ஸி ஓபுஸ் ஸித்', தேவைப்பட்டால் மட்டும். அதாவது கிட்டத்தட்ட நேர்எதிர்! வலி இருந்தால் போட்டுக்கொள், இல்லாவிட்டால் வேண்டாம். இரண்டு பொருளும் ஒரே மூன்று எழுத்தில் இருப்பதால், அவசர மருந்து என்று நினைத்து விடாமல் விழுங்குகிற நோயாளி இருக்கமாட்டார் என்று யாரால் சொல்ல முடியும்? ஓ.டி. என்பது பிரிட்டிஷ் வழக்கத்தில் தினம் ஒரு வேளை, கண் டாக்டர் எழுதினால் வலது கண்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், 2004இல் 'இவற்றை எழுதாதீர்கள்' என்று ஒரு பட்டியலே வெளியிட்டது. 'தினமும்' என்பதற்கான லத்தீன் சுருக்கமும் 'ஒன்றுவிட்டு ஒரு நாள்' என்பதற்கானதும் அதில் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் நடுவில் ஒரே ஓர் எழுத்து. யூனிட் என்பதற்கு யூ என்று மட்டும் எழுதுவதும் உண்டு. அவசரத்தில் எழுதிய யூ பூஜ்ஜியம் மாதிரித் தெரிந்தால் 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். நம் நாட்டில் மருத்துவக் கவுன்சில் 2016இல், மருந்தின் பெயரைப் படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. வேளைக் கணக்கின் லத்தீன் அப்படியே இருக்கிறது. மருந்துக் கடைப் பையன் கவரின் மேல் 1-0-1 என்று எழுதிக் கொடுப்பதால்தான் பலபேர் பிழைக்கிறோம். என்னைக் கேட்டால் அந்த 1-0-1 தான் இதுவரை வந்த சுருக்கங்களிலேயே புத்திசாலித்தனமானது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கூத்து என்று நினைக்க வேண்டாம், நம்மிடமும் பிரதியாளர்கள் இருந்தார்கள். ஓலையில் இடம் குறைவு, கணக்குப்பிள்ளைக்கு நேரமும் குறைவு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று எழுத்தாணியை எடுக்காமல் இழுத்த குறிகள். 2003இல் யூனிகோடிலும் இடம் பெற்றுவிட்டன. கணக்குப் புத்தகத்திலிருந்து இவை மறைந்துபோனாலும் கல்யாணப் பத்திரிகையில் 'ஆவணி ௴' என்று முதல் மூன்று குறிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. படிக்கிறவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் பொருள் தெரியும். எல்.பி.யை பவுண்டு என்று படிப்பது போலவேதான்.

விகுதியிலும் நமக்கு ஒரு 'ஈ' உண்டு. 'தார்'. பாரசீகத்தில் 'வைத்திருப்பவர்' என்று பொருள். ஆற்காட்டு நவாபு, தஞ்சை மராட்டியர், பிறகு கம்பெனி என்று வருவாய்த்துறை கைமாறிக்கொண்டே வந்தபோது தாசில்தார், ஜமீன்தார், மிராசுதார், இனாம்தார் என்று கும்பலாக வந்திறங்கியது. இங்கிலாந்தில் நடந்ததே இங்கும் நடந்தது: வாலைக் கழற்றி நம் சொற்களில் மாட்டினோம், மேலே ஒரு மரியாதை 'அர்' வேறு சேர்த்தோம். குத்தகைதாரர், மனுதாரர், ஒப்பந்ததாரர், குடும்ப அட்டைதாரர். 'பங்கு' என்ற பழந்தமிழ்ச் சொல்லோடு பாரசீக வால் ஒட்டியது பங்குதாரர், தமிழ் வால் ஒட்டியது பங்காளி. பங்குதாரர் டிவிடெண்டு வாங்குவார், பங்காளி வரப்புக்குச் சண்டைக்கு வருவார்.

ஆனால் இந்தத் தாரருக்கு ஒரு கோளாறு உண்டு. செய்தவரா, செய்யப்பட்டவரா என்று அது பார்ப்பதில்லை. மனு கொடுத்தவரும் தாரர், குத்தகை பெற்றவரும் தாரர். ஆங்கிலச் சட்டம் 'ஓர்', 'ஈ' என்று பிரித்து வைத்ததை நாம் மொழிபெயர்க்கும்போது இரண்டையும் ஒரே பானையில் போட்டுவிட்டோம். நாமினிக்குப் படிவங்களில் 'நியமனதாரர்' என்று போடுகிறார்கள், சில இடங்களில் 'வாரிசுதாரர்' என்றே போட்டுவிடுகிறார்கள். முதலாவது அவரை ஏதோ ஒன்றை வைத்திருப்பவர் ஆக்குகிறது. இரண்டாவது இன்னும் மோசம், நாமினி வாரிசு இல்லை என்று நீதிமன்றம் சொன்னதற்கு நேர்எதிராகச் சொல்கிறது. 'பெயர் குறிக்கப்பட்டவர்' என்று போட்டால் கட்டத்தில் இடம் போதாது என்பார்கள். போதாவிட்டால் கட்டத்தைப் பெரிதாக்கலாம்.

பத்திர எழுத்தர்கள் இந்த விஷயத்தில் அதிகாரிகளைவிடக் கெட்டிக்காரர்கள். வில்லங்கச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 'எழுதிக் கொடுத்தவர்', 'எழுதி வாங்கியவர்' என்று இரண்டு பத்தி இருக்கும். கிரயமோ அடமானமோ தானமோ, எதுவானாலும் அதே இரண்டு பத்திதான். நார்மன் வக்கீல்கள் இரண்டு வால்களை வைத்துக்கொண்டு செய்த வேலையை இவர்கள் 'கொடு', 'வாங்கு' என்ற இரண்டு வினைச்சொற்களை வைத்து முடித்துவிட்டார்கள். அடமானப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர் பெயர் வீட்டுக்காரருடையது, எழுதி வாங்கியது பேங்க். யாருக்கும் குழப்பமில்லை.